மாசியில் வந்தால் அதற்குப் பெயர் இளவேனிலா?

கேள்வி, கனடா ஸ்காபரோவிலிருந்து ஒருவர்: "இங்கே பனி எப்போது உருகும் என்று சனம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்குது. எங்கட திருகோணமலையில் வசந்தம் என்று ஒன்று வந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. மழை, வெயில், இரண்டே காலம்தானே? ஊரில் வளவு வைத்திருக்கிற யாராவது சொல்லுங்கோ."

2025 தை 26

இருக்கிறது. மழை, வெயில் என்று இரண்டாகப் பிரிப்பது நல்லூர்த் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வந்து போகிறவர்களின் கணக்கு.

திருகோணமலைக்குப் பக்கத்தில், தம்பலகாமத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் வளவு. ஒரு கிணறு, பன்னிரண்டு தென்னை, ஒரு கிழட்டு மாமரம், வேம்பு இரண்டு, கோழி பதினைந்து (கீரிக்குப் போனது போக), மிச்சம் மரக்கறி. மழை விட்டதற்கும் நிலம் வெடிக்கிறதற்கும் இடையில் ஆறு ஏழு கிழமை கிடைக்கும். மண்ணில் ஈரம், தலையில் வெயில், இரண்டும் ஒன்றாக. வசந்தம் என்று நான் சொல்வது அதைத்தான். அது மாசியில் வரும்.

இன்னும் வரவில்லை. இன்று காலை கோழிக்கூட்டுக்குப் போகும்போது செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. ஒரு கால் வெறுங்காலாகத்தான் திரும்பி வந்தேன்.

தை 27

வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். செருப்பால்தான். கூடு வரை போய் வந்து, படியில் செருப்பைக் கழுவாமல் விட முடிந்த முதல் நாள்.

மாசி 2

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் பிடித்துவிட்டார்: "மாசி எங்கே பிறந்தது? இன்று தை 20."

உண்மை. ஆனால் இலங்கையில் எங்களுக்குத் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி. கடிதத்திலும் அப்படித்தான், செத்தவீட்டுக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்திலும் அப்படித்தான். பொங்கல் மட்டும் உங்கள் தையில் வரும். இரண்டு தையோடும் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் வருவதில்லை. வெளியூர் ஆட்களுக்கு விளக்க வெளிக்கிட்டால்தான் தலை சுற்றும். மேலே கீழே நான் எழுதும் மாதமெல்லாம் ஆங்கில மாதம்தான்.

அவர் இன்னொன்றும் சொல்கிறார், அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியே இருக்கிறதாம். இருக்கிறது, அம்மா நேற்றும் சொன்னார். வானிலைத் திணைக்களத்தின் கணக்கைப் பார்த்தால் இன்னும் மோசம். டிசம்பரிலிருந்து பெப்ரவரி முடியும் வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். வசந்தம் என்று நான் சொல்கிற மாதத்துக்கு அவர்கள் இன்னும் குடை பிடிக்கிறார்கள்.

சரி, இரண்டு கணக்கிலும் தோற்றாயிற்று. ஆனாலும் விடமாட்டேன். திருகோணமலை இருப்பது வடக்கு எட்டரைப் பாகையில். சித்திரை 11, 12 அளவில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். கிணற்றடியில் வாளிக்கு நிழல் இராது. அந்த வெயிலுக்கு "இள" என்று பெயர் வைத்தவர் நிச்சயம் எங்கள் வளவில் வெண்டி நட்டவர் இல்லை.

மாசி 5

செருப்பு இன்று சுத்தம். கிட்டத்தட்ட. குதிக்காலில் கொஞ்சம்.

வேலிக் கிளிசரியா பூத்துவிட்டது. ஆட்டுக்குக் குழையாகவும் வேலிக்குக் கதியாலாகவும்தான் இந்த மரத்தை எங்களுக்குத் தெரியும், அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. இலையைக் கொட்டிவிட்டு, மொட்டைக் கம்பில் அடியிலிருந்து நுனி வரை இளஞ்சிவப்பாக அப்பியிருக்கும். கிட்டப் போனால் ஒவ்வொரு பூவும் அவரைப்பூ மாதிரி, நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. நேற்றுவரை கம்பு. இன்று விடிய, வடக்கு வேலி முழுக்க யாரோ சேலை காயப்போட்டது போல.

ஒரு படம் எடுத்து, ஊர் பேர் எழுதாமல், நோர்வேயிலிருக்கும் மச்சாளுக்கு அனுப்பினேன். "எப்ப ஜப்பான் போனனீங்கள்? சொல்லவே இல்லை" என்று கேட்டா. ஆட்டுக்குழை என்று பதில் போட்டேன். இன்னும் நம்பவில்லை.

மாசி 9

இன்று ஞாயிறு. பதினொன்றரை போல நாடு முழுக்கக் கரண்ட் போனது. தெற்கில் ஒரு துணை மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கள் தென்னையில் ஒரு கூட்டம் ஐந்து வருடமாகக் குரும்பை பிடுங்கி எறிகிறது, அவர்களின் திறமையில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மோட்டர் வேலை செய்யாது. மிளகாய்க் கன்றோ முந்தாநாள் நட்டது. எனவே வாளியும் கயிறும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆளி போட்டால் தண்ணீர் வருகிறது என்றால் யார் எட்டிப் பார்ப்பார்? மார்கழியில் தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு முழத்தில் நின்றது. இப்போது மூன்று முழம் இறங்கியிருக்கிறது. இறங்கிய இடத்தில் கல்லுக்குக் கல் பாசி ஈரமாக மினுங்குகிறது, அதற்கு மேலே உள்ள பாசி காய்ந்து சாம்பல் நிறம். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வாளி கையைவிட்டுப் போயிற்று. பாதாளக்கரண்டி தேடி எடுக்க அரை மணி நேரம்.

செருப்புக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். கிணறு வற்றத் தொடங்கும் நாள்தான் சரியான அடையாளம்.

மாசி 10

"வற்றத் தொடங்குவதைக் கொண்டாடுவதா?" என்று கீழே ஒருவர் கேட்கிறார். நியாயம். ஆனால் நிறைகிற மாதத்தில் ஒரு வேலையும் ஓடாது ஐயா. உடுப்பு காயாது, விறகு பற்றாது, கொச்சிக்காய் பூஞ்சணம் பிடிக்கும். கிணறு இறங்கினால்தான் வளவு ஏறும்.

மாசி 12

மாமரம். கறுத்தக்கொழும்பான், 64 புயலுக்கு அடுத்த வருடம் அம்மாவின் அப்பா வைத்தது. 1964 மார்கழி 22 இரவு அடித்த அந்தப் புயலில் வளவில் நின்ற எல்லாம் சாய்ந்துவிட, கிடந்த இடத்தில் வைத்த முதல் கன்று. அறுபது வயது. 90இல் நாங்கள் ஊரை விட்டுப் போய், வருடக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை, வேலி இல்லை. இது நின்றது. காய்த்துக்கொண்டும் நின்றது, யார் தின்றார்களோ.

இன்று பார்த்தால் கிழக்குப் பக்கம் முழுக்கப் பூ. மேற்குப் பக்கம் ஒன்றும் இல்லை. எல்லா வருடமும் இப்படிப் பாதி மரம்தான் பூக்கும், மற்றப் பாதி அடுத்த முறைக்கு. மாம்பூ வாசம் எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. இனிப்பு, ஆனால் பின்னால் கொஞ்சம் புளித்த மாதிரி, முகர்ந்த பிறகு மூக்கில் தூள் ஒட்டினது போல. தேனீ மொய்க்கிறது. இந்த முறை நல்ல காய்ப்பு இருக்கும்.

மாசி 13

அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திருத்துகிறார். 65இல் வைத்த கன்று அது இல்லையாம், அதை மாடு தின்றுவிட்டதாம். இப்போது நிற்பது மூத்த மாமா பிறந்த பிறகு வைத்தது, 67. "பொய் எழுதாத மகன், கனடாவில எல்லாரும் வாசிப்பினம்."

மாசி 14

குயில்.

மாசி 20

வயலில் வெட்டு மெசின் இறங்கியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் விதைத்த பெரும்போகம். எனக்குச் சொந்த வயல் இல்லை, ஆனால் வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்தான். ஒரு கிழமைக்கு முதல் மஞ்சள், இன்று பாதி மொட்டை.

மெசின் போன பின்னால் வருகிற சத்தம்தான் எனக்குப் பிடித்தது. முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு கொக்கு, மைனா, காகம், எல்லாம் ஒரே நேரத்தில் தாளடியில் இறங்கிச் சண்டை போடும். வைக்கோல் தூசு வீட்டுக்குள் வரை வந்து தேத்தண்ணிக் கோப்பையில் மிதக்கிறது, கழுத்தெல்லாம் கடிக்கிறது. மனைவி கொடியில் போட்ட உடுப்பை மூன்றாம் முறை தோய்க்கிறா. வசந்தத்தைப் பற்றி அவவிடம் இன்று கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

சின்ன வயதில் கதிரை அரிவாளால் வெட்டி, கட்டி, சூடு என்கிற போராகக் குவித்து வைத்துப் பிறகு மாட்டைக் கொண்டு மிதிப்பார்கள். நிலா வெளிச்சத்தில் நடக்கும். களத்தில் படுத்தபடி பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேலை செய்தவர்களிடம் போய் "மெசின் வந்து அழகு போயிற்று" என்று சொன்னால் அரிவாளைக் கையில் தந்துவிடுவார்கள்.

பக்கத்து வளவு நானா இரண்டு கட்டு வைக்கோல் எறிந்துவிட்டுப் போனார். "தம்பி, மரவள்ளிக்குக் கீழ போடுங்க, ஈரம் நிக்கும்." போட்டேன். கோழி அரை மணி நேரத்தில் கிளறி முடித்தது.

மாசி 27

நேற்றுச் சிவராத்திரி. கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது பிடித்த மழை விடிய வரை விடவில்லை. இன்றும் மப்பு.

மேலே எழுதியது எல்லாம் வாபஸ். செருப்பு மறுபடி சேறு. கிணறு ஒரு சாண் ஏறிவிட்டது. அந்தத் திணைக்களக்காரர் பெப்ரவரி முடியும் வரை மழைக்காலம் என்று போட்டது சும்மா இல்லை.

சேற்றை விடுங்கள், மாம்பூதான் மனதுக்குக் கஷ்டம். பூத்திருக்கும்போது மழையும் ஈரக்காற்றும் பட்டால் ஒரு பங்கசு வரும், காம்பு கறுத்து, பூ நெருப்புப் பட்டது போல் சுருண்டு உதிரும். இன்று மரத்துக்குக் கீழே போய் நின்றேன். தலையில் பொடிப்பொடியாக விழுகிறது. கையால் ஒரு கொத்தைத் தொட்டால் முழுவதும் கையோடு வருகிறது.

தமிழ்நாட்டு நண்பருக்கு: பின்பனி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று வாதாடும் நிலையில் இல்லை.

பங்குனி 3

நோன்பு தொடங்கிவிட்டது. பின்னேரம் நானா வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி கஞ்சி வந்தது. சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாதே. வளவில் என்ன இருக்கிறது என்று சுற்றினேன். தேசிக்காய் பதினைந்து, முருங்கைக்காய் ஒரு கட்டு. போன மாதம் இதே வளவில் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

கிண்ணியாப் பக்கம் வீதியோரம் வத்தகப்பழம் குவிக்கத் தொடங்கிவிட்டார்களாம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வர இன்னும் நாள் இருக்கிறது. வாடை நின்றுவிட்டது. இப்போது கடலிலிருந்து மெல்லிய கொண்டல், பின்னேரம் நாலு மணிக்கு மேல் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது.

வாபஸை வாபஸ் வாங்குகிறேன்.

பங்குனி 8

மாசி 12இல் "தேனீ மொய்க்கிறது" என்று எழுதினேன். தவறு. மகள் கணினிப் படிப்பிலிருந்து லீவில் வந்திருக்கிறாள், என்னை மரத்தடிக்கு இழுத்துப் போய்க் காட்டினாள்: "அப்பா, உது தேனீ இல்லை, ஈ."

ஈதான். பச்சை மினுங்கும் ஈ, கோடு போட்ட வயிறுள்ள ஈ, நுளம்பை விடக் கொஞ்சம் பெரிய ஏதோ ஒன்று. மாம்பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது பெரும்பாலும் ஈ வகைதான் என்று அவள் எங்கோ வாசித்து வைத்திருக்கிறாள். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் பூ, அதில் பெரும் பங்கு ஆண் பூ, காய்க்கவே காய்க்காது. காய்க்கக்கூடியவையிலும் கடைசியில் கொத்துக்கு ஒன்றோ இரண்டோ தங்கினால் பெரிய விஷயம்.

அப்படிப் பார்த்தால் மழையில் உதிர்ந்ததில் பாதி எப்படியும் உதிர இருந்ததுதானே? கொஞ்சம் ஆறுதல். கிழக்குப் பக்கம் மேல்கிளையில் தப்பின கொத்துகள் இருக்கின்றன. ஏணி வைத்துப் பார்த்தேன். மிளகு அளவில் பச்சைப் பிஞ்சு. எண்ணினேன், இருபத்தேழு. கீழே இறங்கியதும் மகள் கேட்டாள்: "எண்ணினா கண்பட்டுப் போகும் எண்டு அம்மம்மா சொல்லுவாவே?" சொல்லுவா. மறந்துபோனேன்.

பங்குனி 15

இன்று காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, நாடு முழுக்க அவரவர் வளவில் உள்ள குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லியிருந்தார்கள். பயிருக்குக் கேடு செய்யும் விலங்குகளின் கணக்கெடுப்பு. பத்திரம் வாங்கி, பேனை செருகி, நானும் மகளும் ஏழரைக்கே முற்றத்தில் ஆயத்தம்.

8.00. வளவு அமைதி.
8.03. ஒரு மயில் வேலிக்கு வெளியே, வயலில். எண்ணலாமா? மகள் கூடாது என்கிறாள், எங்கள் வளவில் இல்லையாம்.
8.05. முடிந்தது. குரங்கு 0, மயில் 0, மர அணில் 0.

8.20க்கு வந்தார்கள். பெரியது நாலு, குட்டி தூக்கினது இரண்டு, மிச்சம் எண்ண நேரமில்லை. ஏனென்றால் ஒன்று நேரே மாமரத்தில் ஏறி, கிழக்குப் பக்கம், மேல்கிளை. நான் கத்தின கத்தலுக்கு நானா வீட்டு நாயும் வந்தது. பதினொரு பிஞ்சு மிச்சம். (எண்ணவில்லை. மகள் எண்ணினாள்.)

பங்குனி 16

பத்திரத்தில் 0 என்றே கொடுத்தேனா என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். கொடுத்தேன். பொய் எழுதக் கூடாதே, கனடாவில எல்லாரும் வாசிப்பினம்.

பங்குனி 23

பயற்றங்காய் விதை போட்டேன். இரண்டு பாத்தி. ஒன்று நகரில் ஒரு கடையில் வாங்கிய பைக்கற் விதை, மற்றது அம்மா சாம்பல் பூசிப் போத்தலில் வைத்திருந்த விதை. ஏழு நாளில் போத்தல் விதை வரிசையாகத் தலை நீட்டியது, பைக்கற் விதை அறுபதில் ஒன்பது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போத்தலைத் துடைத்து இறாக்கையில் திரும்ப வைத்ததோடு சரி.

வசந்தம் முடிகிற வாசம் வரத் தொடங்கிவிட்டது. மண்ணைக் கொத்தினால் மேலே அரைச் சாண் தூள், அதற்குக் கீழேதான் நிறம் மாறுகிறது. தண்ணீர் இப்போது காலையும் பின்னேரமும். கிணற்றில் தண்ணீர் ஒன்பது முழம் கீழே. மச்சாளின் ஊரில் இன்னும் பனி உருகவில்லையாம், படம் அனுப்பியிருக்கிறா. கிளிசரியாவும் பூவை முடித்து இலை வைத்துவிட்டது, மறுபடி வெறும் ஆட்டுக்குழை.

சித்திரை 4

ஆறுமணிக்குருவியைப் பற்றி எழுதாமலே விட்டுவிட்டேன். புரட்டாதி ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வரும், கிணற்றடிக் கொய்யாவுக்குக் கீழே சருகு கிளறும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணோடு சேர்ந்து ஒரு கறுப்புப் பட்டி. காலை ஆறு, மாலை ஆறு, இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. இந்த ஏழு மாதமும் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டினேன் என்றாலும் கேட்டதாக நினைவே இல்லை.

இன்று மூன்றாம் நாளாகச் சத்தம் இல்லை. போய்விட்டது போல. வந்த நாளை ஒருவரும் குறிப்பதில்லை. போன நாள்தான் இப்படித் தெரியவருகிறது, அதுவும் மூன்று நாள் பிந்தி.

சித்திரை 9

ஸ்காபரோக்காரர் திரும்ப வந்திருக்கிறார். தன் அப்பா சித்திரை என்றாலே 86ஐத்தான் சொல்லுவாராம், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த வருடம். ஆம், சித்திரை 20, விடியற்புறம். ஒரு துளி மழை இல்லாத மாதத்தில் வயல் முழுக்க வெள்ளம். அப்போது நான் சின்னப் பெடியன். காலையில் எழும்பினால் முற்றத்தில் தண்ணீர், வானத்தில் பளீரென்று வெயில். எந்தக் கணக்கிலும் இல்லாத காலம் அது ஒன்றுதான்.

சித்திரை 12

பன்னிரண்டு மணி தாண்டி ஐந்தாறு நிமிடம் இருக்கும், மாசி 2இல் சொன்னதைச் சரிபார்க்க வாளியைக் கிணற்றடிச் சீமெந்தில் கவிழ்த்து வைத்தேன். நிழல் இல்லை. வாளிக்குக் கீழேயே ஒளிந்துவிட்டது. வெறுங்காலோடு நின்று பார்த்தவன் நான், பாதம் இரண்டும் வெந்துபோயிற்று. செருப்பு படியில் கிடக்கிறது, சேறு இல்லாமல்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்குனியில் இலை கொட்டி மொட்டையாக நின்ற வேம்பு இரண்டும் செம்பு நிறத்தில் தளிர்த்து, இப்போது வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. இந்தச் சுடுவெயிலில்தான். இரவில் வாசம் படுக்கை வரைக்கும் வருகிறது. தமிழ்நாட்டு நண்பரே, சித்திரையில் இளவேனில் என்று எழுதி வைத்தவர் ஒருவேளை வேம்புக்குக் கீழே பாய் போட்டவராக இருக்கலாம். நான் மாமரத்தடியில் நின்றுகொண்டு சண்டை பிடித்திருக்கிறேன்.

நாளை மறுநாள் வருடப்பிறப்பு. தலையில் தேய்த்து முழுக மருத்துநீர் கோவிலில் கொடுப்பார்கள். அம்மா வடகத்துக்குப் பூப் பொறுக்கச் சொல்லி விடியவே பழைய பாயை மரத்தடியில் விரித்துவிட்டார். பாதிப் பாய் நிறைந்துவிட்டது. காற்று எழும்புகிறது, போய் அள்ள வேண்டும்.